படகு விட்டு வந்ததும் ஷாஃப்டை உருவிப் பாருங்கள்

சேலம் மூக்கனேரியில் ரிமோட் படகு விட ஆசைப்படும் தம்பிகளுக்கு ஒரு விஷயம். மோட்டார், பேட்டரி வாங்க அத்தனை கடை விசாரிக்கிறோம், ஆனால் மோட்டாரிலிருந்து போய் புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டுக்கு கிரீஸ் வைக்க மட்டும் சோம்பல். ஷாஃப்ட் ஓடும் குழாய்க்குள் அந்த கிரீஸ்தான் உராய்வைக் குறைக்கிறது, தண்ணீர் குழாய் வழியாக ஏறி படகுக்குள் வராமலும் தடுக்கிறது.

கம்பி முறுக்கிய ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் என்றால், ஓட்டி முடித்த அன்றைக்கே வெளியே உருவி பழைய வேட்டித் துணியால் துடைத்துப் பாருங்கள், கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், அப்படியே விட்டால் முறுக்குக்குள்ளே துருப்பிடித்து ஒருநாள் வேகத்தில் அறுந்துவிடும். தண்ணீரில் எளிதில் கழுவிப்போகாத மெரைன் கிரீஸே வாங்குங்கள். தையல் மெஷின் எண்ணெய் நீர்த்தது, சீக்கிரம் வெளியேறிவிடும். சின்ன மோட்டாருக்கு ரொம்பக் கெட்டியான கிரீஸும் வேண்டாம், சுற்றவே திணறும்.

அப்புறம், திரும்பப் பொருத்தும்போது புரொப்பல்லர் பக்கம், குழாய் முனைக்கும் புரொப்பல்லரைப் பிடிக்கும் துண்டுக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஓடும்போது பாரம் ஏறினால் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் கொஞ்சம் குறுகும். வெளியே பிதுங்கும் கிரீஸைத் துடைத்துவிட்டே ஏரியில் இறக்குங்கள், அங்கே பறவைகள் இருக்கின்றன.