ஒன்றரை வயதில் வந்த நிமோனியா

மார்ச் 3
ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி நுரையீரல் திறனை அளக்கும் சோதனையின் முடிவு வந்துவிட்டது. முதல் விநாடியில் நான் ஊதித் தள்ளும் காற்று, என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. இன்ஹேலர் கொடுத்து மறுபடி ஊத வைத்தும் பெரிதாக ஏறவில்லை. "சிகரெட் உண்டா?" என்றார் மருத்துவர். தொட்டதே இல்லை. "சின்ன வயதில் நிமோனியா வந்ததா?" இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 4
அம்மாவுக்குப் போன் செய்தேன். "வந்துச்சுடா, ஒன்றரை வயசுல. அதான் அப்பவே சரியாயிடுச்சே, இப்ப எதுக்கு?"

மார்ச் 8
பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அதை வைத்து 2023இல் வந்த ஆய்வு இது: இரண்டு வயதுக்குள் மார்புச் சளித்தொற்று வந்தவர்கள், 26 முதல் 73 வயதுக்குள் மூச்சு நோயால் இறக்கும் அபாயம் 93% கூடுதல். புகைப்பழக்கம், குடும்ப வசதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். படித்ததும் வயிறு கலங்கியது. பிறகுதான் அடியில் இருந்த எண்களைப் பார்த்தேன்: மூச்சு நோயால் இறந்தவர்கள், தொற்று வராதவர்களில் 1.1 சதவீதம், வந்தவர்களில் 2.1 சதவீதம். செய்தித் தலைப்பில் இதை ஏன் போடுவதில்லை?

மார்ச் 9
நுரையீரலின் காற்றறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகே உருவாகின்றன, அதிலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில் வெகு வேகமாக. இருபதுகளில் மூச்சுத் திறன் உச்சம் தொட்டு, அப்புறம் எல்லோருக்குமே மெல்ல இறங்கும். உச்சமே தாழ்வாக இருந்தவருக்கு, சாதாரண இறக்கமே நாற்பதுகளில் மூச்சிரைப்பாகத் தெரிந்துவிடலாம். சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்த வழியில் வந்தவர்கள் என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. புகைப்பவர்களின் நோய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 13
ஆனால் தொற்றுதான் கெடுத்ததா? அமெரிக்காவின் டூசானில் குழந்தைகளுக்கு முதல் தொற்று வருவதற்கு முன்பே மூச்சை அளந்து வைத்தார்கள். பின்னால் சளித்தொற்றோடு மூச்சிளைப்பும் வந்த குழந்தைகளுக்கு, அதற்கு முன்பே காற்றுப்பாதை குறுகலாக இருந்தது. கருவிலேயே தொடங்கியதாகவும் இருக்கலாம்; இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். என் விஷயத்தில் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் அளவே எடுக்கவில்லையே.

மார்ச் 20
மருத்துவரிடம் சொன்னேன். கோப்பில் 'குழந்தைப் பருவ நிமோனியா' என்று எழுதிக்கொண்டார். ஃப்ளூவுக்கும், நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கல் கிருமிக்கும் தடுப்பூசிகள் போடச் சொன்னார். வருடத்துக்கு ஒரு தடவை ஸ்பைரோமெட்ரி. இறங்கும் வேகத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். அம்மாவிடம் தடுப்பூசியைப் பற்றி மட்டும் சொன்னேன்.