கல்லாவிலிருந்து வந்த பார்வைகள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் என் சித்தப்பாவின் பள்ளிச் சீருடைக் கடை இருக்கிறது. இணையதளம் தொடங்கி ஒரு வருடம் ஆகியும், அதைப் பார்த்து யாராவது வருகிறார்களா என்பது அவருக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் பார்த்துச் சொல்லம்மா" என்று என்னிடம் பொறுப்பை விட்டார்.

தளத்துக்கு வருகிறவர்களை எண்ணக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கருவி இருக்கிறது. இதில் இறங்குகிறவர்கள் அதன் கணக்கைக் கடையின் மின்னஞ்சலில்தான் தொடங்க வேண்டும். தளத்தைச் செய்து கொடுத்தவர் அனலிட்டிக்ஸ் கணக்கைத் தம்முடைய மின்னஞ்சலில் வைத்திருந்தார். பிறகு போனையே எடுக்கவில்லை. ஒரு வருடக் கணக்கு அவரோடு போயிற்று. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அவருடைய நிரலை நீக்கிவிட்டுப் புதுக் கணக்கு தொடங்கினேன். 'ஜி' என்ற எழுத்தில் தொடங்கும் அளவீட்டு எண் கிடைத்தது. அவசரத்தில் அதன் நிரலைத் தளத்தில் நேரடியாக ஒட்டினேன். நான்கு நாள் கழித்து, போன் பொத்தானை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும் என்று தோன்றியதால், இப்படிப்பட்ட நிரல்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கூகுளின் டேக் மேனேஜருக்கு மாறினேன். அது இரண்டு துண்டு நிரல் தரும். ஒன்று பக்கத்தின் நிரலில் ஹெட் என்ற தலைப்பகுதியில் முடிந்தவரை மேலே, இன்னொன்று பாடி என்ற உடல்பகுதி தொடங்கியவுடன். இரண்டையும் ஒட்டி, அதே எண்ணோடு உள்ளே, அனலிட்டிக்ஸுக்குத் தரவை அனுப்பும் கூகுள் டேக் ஒன்றையும் போட்டேன்.

இரண்டு நாளில் பக்கப் பார்வைகள் இரட்டிப்பாயின. சித்தப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எனக்கோ உறுத்தியது. ஆட்கள் எண்ணிக்கை அப்படியே இருக்கும்போது பார்வை மட்டும் எப்படி இரண்டு மடங்காகும்? அன்றிரவு டேக் மேனேஜரின் முன்னோட்டத்தில் தளத்தைத் திறந்து, சோதனையின்போது பதிவாவதை உடனுக்குடன் காட்டும் அனலிட்டிக்ஸின் டீபக்வியூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீருடைப் பக்கத்தை ஒரே ஒருமுறைதான் திறந்தேன். 'பேஜ் வியூ' இரண்டு விழுந்தது. முதலில் ஒட்டிய நிரலை நான் எடுக்கவே இல்லை. எடுத்தவுடன் ஒன்றாயிற்று.

அப்போதும் எண்ணிக்கை கூடுதலாகவே இருந்தது. காரணம் கடைக்கு நேரில் போனபோதுதான் விளங்கியது. கல்லாவுக்கு அருகில் இருக்கும் கணினியில் கடைப் பையன்கள் நம் தளத்தையே திறந்து, "அக்கா, இந்தக் கட்டம்தானே உங்கள் பள்ளிக்கு?" என்று வாடிக்கையாளர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க நம்மை நாமே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்!

கடையின் இணைய இணைப்புக்கான எண்ணான ஐபி முகவரியைக் கொடுத்து, அங்கிருந்து வருவதை உள்போக்குவரத்து (நம் ஆட்களின் வருகை) என்று குறிக்க அனலிட்டிக்ஸில் வழி உண்டு. செய்தேன். ஆனால் எங்கள் இணைப்பில் ரவுட்டர் அணைந்து எரிந்தால் முகவரி மாறிவிடுகிறது. அதனால் வேறு வழி தேடினேன். கடைக் கணினிக்கென்று ஒரு தனிச் சுட்டியைப் புக்மார்க் செய்து, அதைத் திறந்தால் ஒரு குக்கி (உலாவியில் தங்கும் சிறு குறிப்பு) பதியும்படி டேக் மேனேஜரில் ஒரு டேக் வைத்தேன். அந்தக் குக்கி இருந்தால் 'டிராஃபிக் டைப்' என்ற அளவுருவில் 'இன்டர்னல்' என்ற மதிப்பு போகும். அனலிட்டிக்ஸின் வடிகட்டி அந்த வருகையைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடும். வடிகட்டியை முதலில் சோதனை நிலையில் வைத்துப் பாருங்கள். செயல்படுத்திய பின் தள்ளப்பட்ட தரவு திரும்பி வராது.

போன் பொத்தான் எளிது. டேக் மேனேஜரில், எதைத் தொட்டார்கள் என்பதைச் சொல்லும் சொடுக்கு வேரியபிள்களை இயக்கி, சுட்டி 'டெல்' என்று (போன் எண்ணுக்கான சுட்டி அப்படித்தான் தொடங்கும்) தொடங்கினால் டேக் ஓடும்படி டிரிக்கர், அதாவது எப்போது ஓட வேண்டும் என்ற விதி, வைத்தால் போதும். முன்னோட்டத்தில் ஓடியது, வெளியே ஓடவில்லை; வெளியீடு பொத்தானை அழுத்த மறந்திருந்தேன்.

அனலிட்டிக்ஸ் விரிவான தரவைத் தக்கவைக்கும் காலம் இரண்டு மாதம் என்றிருந்ததை 14 மாதமாக மாற்றினேன். பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன்பு, மே மாதத்தில்தான் எங்களுக்கு உயிர்போகும் வேலை. இந்த மே மாதத்தை அடுத்த மே மாதத்தோடு நுணுக்கமாக ஒப்பிட வேண்டுமே.

எண்ணிக்கை இறங்கியதைச் சொன்னபோது சித்தப்பாவின் முகம் வாடியது. மணிவாரியாகப் பிரித்துக் காட்டினேன். போன் பொத்தானை அதிகம் தொடுவது இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். கடை ஒன்பதுக்கே அடைத்துவிடும்; போன் கல்லாவிலேயே கிடக்கும்.

"பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள்" என்றார் சித்தப்பா. அன்றிலிருந்து கடைப் போனை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.