ஐஸ் ஓட்டை வழியாகப் பெரிய மீன்

ஆனி, ஆடியில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்துக்குப் போனால் ஒரு வசதி உண்டு. கடல் கொந்தளித்துக் கிடக்கும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளத்துக்காரர்களும் பாதி நாள் கரையில்தான். கடலுக்குப் போகிற ஆட்கள் எல்லாரும் பேசக் கிடைப்பார்கள். இந்த லீவில் குருசடிப் பக்கம் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த பெரிய மாமாவிடம் போனில் ஒரு வீடியோ காட்டினேன். நான் வேலை பார்ப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் பேரி என்ற ஊரில். அதை ஒட்டியே சிம்கோ ஏரி. ஜனவரி, பிப்ரவரியில் ஏரி உறைந்து கிடக்கும்போது ஜனங்கள் அதன் மேல் நடந்து போய், ஓட்டை போட்டுத் தூண்டில் இறக்குவார்கள். நானும் போவேன்.

மாமா முதலில் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. "கடலு மேல நடந்தது ராயப்பரு மட்டும்தான்னு நெனச்சேன். அவரும் பாதியில முங்கிட்டாரு. நீ எப்பிடிடே போற?"

ராயப்பர் என்றால் இயேசுவின் சீடர் பேதுரு. நியாயமான கேள்விதான். தெளிந்த ஐஸ் 4 இஞ்சு கனம் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது அங்கே பொதுக் கணக்கு. பனி கலந்து வெள்ளையாக இருந்தால் அதில் இரண்டு மடங்கு வேண்டும். கூரான இரும்பு முனை வைத்த கைப்பிடி இரண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வோம். உள்ளே விழுந்துவிட்டால் அதை ஐஸில் குத்திக் குத்தித்தான் ஏறி வர முடியும்.

அப்புறம்தான் மாமா விஷயத்துக்கு வந்தார். "ஓட்டை எத்தன இஞ்சு?"

8 இஞ்சு. துளை போடும் திருகு மிஷின் 6, 8, 10 என்று கிடைக்கும். 10 போட்டால் வசதி, ஆனால் கையால் திருகுகிறவனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். 8 இஞ்சு ஓட்டையின் சுற்றளவு 25 இஞ்சுதான். சிம்கோ ஏரியில் ஆழத்தில் கிடக்கும் லேக் ட்ரவுட் ஏழெட்டுக் கிலோ வந்தால் வயிற்றுச் சுற்றே 20 இஞ்சை ஒட்டி வரும். நேராக வந்தால் நுழையும். கொஞ்சம் சாய்ந்து வந்தாலும் நுழையாது.

பெரிய மீன் ஐஸுக்கு அடியில் இருக்கிற வரை பயம் இல்லை. நூல் சுற்றியிருக்கும் ரீலின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தால் ஓட வேண்டியதை ஓடிவிட்டுத் திரும்பும். லேக் ட்ரவுட் இன்னொன்றும் செய்யும். மேலே ஏற ஏற, உடம்புக்குள் இருக்கும் காற்றை வாய் வழியாக விட்டுவிடும். மீன் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே ஓட்டையில் குமிழி குமிழியாக வந்து உடையும். மாமாவுக்கு இது பிடித்திருந்தது. நம் பக்கத்துக் கலவா அப்படி விடத் தெரியாத மீன். ஆழத்திலிருந்து தூக்கினால் காற்று உப்பி, இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கி நிற்கும்.

தகராறு எல்லாம் கடைசி ஒரு முழத்தில். ஐஸ் ஒன்றரை அடி கனம் இருந்தால் ஓட்டை என்பது ஒன்றரை அடிக் குழாய். அதன் அடி விளிம்பு உடைந்த பாட்டில் வாய் போல இருக்கும். மீன் ஒரு பக்கமாக ஓடும்போது நூல் அதில் உரசினால் முடிந்தது கதை. இதை நான் சொல்லும் முன்பே மாமா கேட்டுவிட்டார்: "தங்கூசி வெளிம்புல ஒரசாதா?" உரசும். தூண்டில் கம்பு இரண்டரை, மூன்று அடிதான். மீன் ஓடும்போது குனிந்து, கம்பு நுனியைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிட வேண்டும். நூல் விளிம்பைத் தொடாமல் நடுவில் நிற்கும். மூன்று முனைத் தூண்டிலில் இன்னொரு சங்கடம். ஒரு முனை மீன் வாயில், மற்றொன்று ஐஸின் அடிப்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். மீன் ஒரே ஒரு உதறலில் கழன்றுவிடும். ஆழம் பார்க்கும் கருவியின் வயர் ஓட்டைக்குள் தொங்கினால் அதையும் முன்கூட்டியே உருவிவிட வேண்டும்.

மீன் ஓட்டைக்கு நேர் கீழே வந்ததும் வட்டம் போடும். வெளிச்சம் தெரிந்ததும் மறுபடி ஒரு ஓட்டம். வீடியோக்களில் இந்த இடத்தில்தான் பக்கத்தில் நிற்கிறவன் "இழு, இழு" என்று கத்துகிறான். அப்போது இழுத்தால் மீனின் தாடை குழாயின் அடி விளிம்பில் முட்டும். வட்டம் போடும்போது தலை மேல்நோக்கித் திரும்பும் ஒரு நொடி வரும். அந்த நொடியில் நிறுத்தாமல் சீராகத் தூக்க வேண்டும். தலை குழாய்க்குள் நுழைந்துவிட்டால் அதனால் திரும்ப முடியாது. மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளே கைவிட்டு, செவுள் மூடிக்குப் பின்னால் பிடித்து ஏற்றிவிடலாம். மைனஸ் 15 டிகிரியில் நனைந்த கையை உடனே துடைக்காவிட்டால் விரல் மரத்துப் போகும்.

மாமா தன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். குறுக்கே பழைய தழும்பு. கட்டுமரத்தில் கைத்தூண்டில் போட்ட காலத்தில் சைக்கிள் ட்யூபை வெட்டி விரலில் மாட்டிக்கொள்வார்களாம். "பெரிய நெய்மீன்னா ஓட விடணும்லே. மரத்துப் பக்கத்துல வந்தா இன்னும் விட்டுக் குடுக்கணும். தலை நம்ம பக்கம் திரும்பட்டும். வாலு நம்ம பக்கம் இருக்கும்போ இழுத்தா அது ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்னு இழுத்து தங்கூசி அறுந்துராதா?" ரீல் செய்யும் வேலையை அவர் விரல் செய்திருக்கிறது. என்னுடைய கம்பும் ரீலும் என்ன விலை என்று கேட்டார். குறைத்துத்தான் சொன்னேன்.

ஒரே ஒரு இடத்தில் அவருக்குக் கோபம் வந்தது. ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான் எடுக்கலாம் என்று அங்கே கணக்கு இருக்கிறது, மற்றதைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்றேன். விடுகிற மீனை ஐஸ் மேல் போட்டுப் போட்டோ எடுக்கக்கூடாது, அந்தக் குளிரில் கண்ணும் செவுளும் உறைந்துவிடும், தண்ணீரில் வைத்தே தூண்டிலைக் கழற்றி விடுவதுதான் நல்லது என்றும் சொன்னேன். "பிடிச்ச மீன விடுததுக்கா இம்புட்டுக் குளிருல குத்த வச்சி இருக்க?" என்றார். மாமி உள்ளிருந்து, எடுத்த மீனை என்ன செய்தாய் என்று கேட்டார். நல்ல கொழுப்புள்ள மீன், தேங்காய் அரைத்து மாங்காய் போட்டு வைத்தேன், குழம்பு மேலே எண்ணெய் மிதந்தது என்றேன்.

"மாங்காய் அங்க கெடைக்குமா?" என்றார் மாமி. அதற்கப்புறம் பேச்சு மாங்காய் விலைக்குப் போய்விட்டது.