பிலாத்துவிடம் உடலைக் கேட்டவர்

2020 டிசம்பரில் ஒரு நாள் முற்பகல், தரம் 11 மாணவர்களுக்குச் சூமில் நுண்ணங்கிகள் பற்றிய பாடத்தை நடத்தி முடிக்கும் தறுவாயில், ஒரு மாணவி மைக்கைத் திறந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். மேல் மாகாணப் பாடசாலைகள் ஒக்டோபர் முதலே மூடப்பட்டிருந்ததால் பிள்ளைகள் பெற்றோரின் கைபேசிகளில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், கொரோனாவில மௌத்தானவங்கள அடக்கினா கிருமி நிலத்தடித் தண்ணிக்குப் போகுமா?" என்பதே அந்தக் கேள்வி. நிபுணர் குழுவைக் காட்டி, கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்று அரசு விதித்திருந்த காலம் அது. அவள் பேசும்போது பின்னணியில் யாரோ ஓதும் சத்தம் மெல்லக் கேட்டது. "நிபுணர் குழு அப்படித்தான் சொல்லியிருக்கு மகள், அதைப் பற்றி நாங்க இங்க கதைக்கத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்கு வாசிக்க வேண்டிய பக்கங்களைக் கொடுத்து வகுப்பை முடித்தேன். "சரி டீச்சர்" என்றாள். அவளுடைய பெயருக்கு நேரே இருந்த மைக் அடையாளம் சிவப்பாக மாறியது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். வாரநாட்களில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். விசுவாசத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பகை உண்டா, கிறிஸ்தவர்கள் அரசியலைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம் என்ற தலைப்புகளில் எங்கள் பங்கின் இளைஞர்களோடு பல தடவை உரையாடியிருக்கிறேன். கலிலேயோவை 1633 இல் விசாரித்துத் தண்டித்தவர்கள் செய்த தவறை 1992 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதை அந்த உரையாடல்களில் பெருமையோடு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் விசுவாசமும் விஞ்ஞானமும் அரசியலும் ஒரே வசனத்துக்குள் சேர்ந்து ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து என்னிடம் வந்த நாளில், நான் எதற்கும் விடை சொல்லவில்லை.

விடை நான் கற்பித்துக்கொண்டிருந்த பாடத்துக்குள்ளேயே இருந்தது. வைரசு உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும். கொரோனா வைரசைச் சுற்றியிருப்பது கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை. சவர்க்காரம் பட்டால் அது குலைந்துவிடும் என்பதால்தான் எல்லோரையும் கை கழுவச் சொன்னோம். தொற்று முக்கியமாகப் பரவுவது மூச்சின் வழியாக. இறந்தவர் மூச்சு விடுவதில்லை. சேமக்காலையும் மையவாடியும் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், குழி எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்பவை சுகாதாரத் துறையினர் நெடுங்காலமாகக் கேட்டு வரும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இந்த நோயில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்பதற்கு ஆதாரம் இருக்கவில்லை. அடக்கம், தகனம் இரண்டில் எதையும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. இலங்கை அரசோ ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் தகனத்தைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட மனுக்களை டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அடுத்த சில நாட்களில், பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தை, பெற்றோரின் மறுப்பையும் மீறி எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் இறந்தவரைச் சுற்றும் கபன் துணியை வைத்து, கபன் சீலைப் போராட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. துணி கட்டப் போனவர்களில் பிற மதத்தவர்களும் இருந்தார்கள். நான் இருக்கவில்லை.

"நிபுணர் குழு சொல்லியிருக்கு" என்ற என்னுடைய விடையைப் பற்றிப் பிறகு பல இரவுகள் யோசித்தேன். அது விஞ்ஞானத்தின் விடையே அல்ல. யார் சொன்னார் என்பதை விட்டு, எதைக் கொண்டு சொன்னார் என்று கேட்கும் பழக்கத்தைத்தான் நான் ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளுக்கு ஊட்டி வந்தேன். அதே டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்து என்று குடிக்கும் பாணி ஒன்று விநியோகிக்கப்பட்டது. அதை வாங்க ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள், சுகாதார அமைச்சர் உட்பட அரசியல்வாதிகள் சிலரும் அதைப் பகிரங்கமாக அருந்தினார்கள். எங்கள் ஆசிரியர் வாட்ஸப் குழுவில் அதைப் பற்றி அவ்வளவு கோபம் எழுந்தது; ஆதாரம் எங்கே, பரிசோதனை எங்கே என்று நானே நீளமாக எழுதினேன். பாணிக்கு ஆதாரம் கேட்ட எங்களில் ஒருவரும் ஜனாஸா எரிப்புக்கு ஆதாரம் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு குருவானவரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்பதை 1927 இல் கணித்து எழுதியவர் ஜோர்ஜ் லெமேத்ர் என்ற பெல்ஜியக் கத்தோலிக்கக் குரு. 1951 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்தக் கருத்தைப் படைப்பைப் பற்றிய வேத போதனைக்குச் சான்றுபோல எடுத்துப் பேசியபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய லெமேத்ர் கவலைப்பட்டார். விஞ்ஞானக் கருதுகோள் நாளை மாறக்கூடும், அதை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. தம் சொந்தத் திருச்சபையின் தலைவர் தமக்குச் சாதகமாகப் பேசும்போதும் விஞ்ஞானத்தின் எல்லையைக் காத்து நின்ற ஒருவரை நான் மறைக்கல்வி வகுப்பில் புகழ்ந்து பேசுகிறேன். அரசு அதே விஞ்ஞானத்தின் பெயரை எடுத்து ஒரு சமூகத்தின் இறந்தவர்கள்மேல் வைத்தபோது அவருடைய கவலையில் ஒரு துளிகூட எனக்கு வரவில்லை.

அந்த வகுப்பு நடந்து இரண்டு வாரம் ஆகுமுன் என் பெரியம்மா கோவிட் நோயால் இறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து இரவு அழைப்பு வந்தது. நாலு பேருக்கு மேல் வர வேண்டாம் என்றார்கள். பொலித்தீனால் சுற்றிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தோம். முகம் பார்க்கவில்லை, நெற்றியில் தீர்த்தம் தெளிக்கவில்லை. மாதம்பிட்டி சேமக்காலையில் பெரியப்பாவைப் புதைத்தபோது, கல்லில் அவர் பெயருக்குக் கீழே தன் பெயருக்கு ஒரு வரி இடம் விடும்படி மேசனிடம் சொல்லிவைத்தவர் பெரியம்மா. ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும் மெழுகுதிரி ஏற்றப் போகும்போது அந்த வெற்று இடத்தைத் தன் கைலேஞ்சியால் துடைப்பார். மூன்றாம் நாள் ஒரு மண் கலயத்தில் சாம்பலைத் தந்தார்கள். முச்சக்கர வண்டியில் நான் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு கிலோ சீனிப் பொதியின் பாரம்கூட இருக்காது.

எங்களுக்கு ஆறுதல் சொன்ன சுவாமி சரியாகவே சொன்னார். திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதித்திருக்கிறது. அடக்கத்தையே விரும்பினாலும், உடல் எரிக்கப்படுவது உயிர்ப்புக்குத் தடையல்ல என்று போதிக்கிறது. சாம்பலை வீட்டில் வைக்காமல், காற்றில் தூவாமல், புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016 இல் வந்த வத்திக்கான் அறிவுறுத்தல் கூறுவதால், கலயத்தைப் பெரியப்பாவின் குழிக்குள்ளேயே வைத்து மூடினோம். "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன், நித்திய ஜீவியத்தை விசுவசிக்கிறேன்" என்று பெரியம்மா பழைய வார்த்தைகளிலேயே சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை நாங்களும் பழைய வார்த்தைகளிலேயே சொன்னோம். அந்த ஆறுதல் உண்மையானது. இன்றும் என்னைத் தாங்குகிறது. ஆனால் திரும்பி வரும் வழியில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. எரிப்பு எங்களுக்கு ஒரு காயம், அவ்வளவுதான். உடலைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, அடக்க வேண்டும் என்ற கடமையைக் கொண்ட ஒரு சமூகத்துக்கு அது காயம் மட்டுமல்ல, மார்க்கக் கடமையே மறுக்கப்படுவது. எங்கள் திருச்சபை எங்களுக்குத் தந்திருந்த அனுமதி, எங்கள் மௌனத்தை எங்களுக்கு மிகவும் இலகுவாக்கிவிட்டது.

மௌனத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலுமாக அன்று 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஒழுங்கையிலும் ஒரு வீட்டில் வெள்ளைக்கொடி கட்டினோம். பழிவாங்க வேண்டாம் என்று எங்கள் மேய்ப்பர்கள் கேட்டுக்கொண்டதற்கு நாங்கள் கீழ்ப்படிந்தோம்; கை ஓங்கவில்லை. ஆயினும் முஸ்லிம் அயலவர்களிடம் முன்போல் கதைப்பதை நிறுத்திக்கொண்டோம். அடுத்த ஆண்டு அவர்களின் இறந்தவர்களை அரசு எரித்தபோது, அது எங்கள் விடயமல்ல என்று இருந்துவிட்டோம். எங்கள் இறந்தவர்களைப் பற்றி நாங்கள் அரசிடம் கேட்டது உண்மையைத்தான். எச்சரிக்கை கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதியும் அதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாங்கள் அழுதோம். முழு உண்மையும் வெளிவர வேண்டும் என்று இன்றும் கேட்கிறோம். எங்கள் இறந்தவர்களுக்காக உண்மை கேட்கும் உரிமை எங்களுக்கு இருந்தால், அவர்களின் இறந்தவர்களுக்காக உண்மை கேட்கும் கடமையும் எங்களுக்கு இருந்தது.

விவிலியத்தை நான் அறியாதவள் அல்ல. தோபித்து ஆகமத்தில், சனகெரிபு மன்னன் கொன்று வீசிய தன் இனத்தவரின் உடல்களைத் தோபித்து களவாக எடுத்துப் புதைக்கிறார். அதற்காக உடைமை எல்லாம் பறிபோய் ஓடி ஒளிகிறார். மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று மறைக்கல்வியில் மனப்பாடம் செய்விப்பதும் நானே. பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் வரலாற்றை வாசிக்கும்போது நாங்கள் வேகமாகக் கடந்துபோகும் ஒரு மனிதர் இருக்கிறார்: அரிமத்தியா ஊர் யோசேப்பு. அவர் செய்தது, துணிந்து ஆளுநர் பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்டது. கொன்ற அரசிடமே, அந்த உடலைத் தங்கள் வழக்கப்படி அடக்கம் செய்ய அனுமதி கேட்டார். அவரும் அதுவரை வெளியே தெரியாத சீடர்தான் என்று யோவான் எழுதுகிறார். யூதருக்கு அஞ்சி மறைவில் இருந்தவர். அரசியலில் கிறிஸ்தவர்கள் தலையிடலாமா என்று இனி யாராவது கேட்டால், நான் கட்சிகளையோ தேர்தலையோ பற்றிப் பேசப் போவதில்லை. இந்த மனிதர் ஆளுநரின் வாசலில் நின்ற வேளையைக் காட்டுவேன்.

2021 ஜனவரித் தொடக்கத்தில் இலங்கை மருத்துவ சங்கம் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று பகிரங்கமாகச் சொன்னது. அதற்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு மாதம் எரித்தார்கள். பெப்ரவரி இறுதியில் விதி மாறியது. மார்ச்சில் கிழக்கு மாகாணத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. கொழும்பிலிருந்து அத்தனை தூரம் கொண்டு போனார்கள். அங்கே 3,600க்கும் அதிகமானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு.

2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்த செய்தியை வாசித்த அன்று மாலை, பழைய வகுப்புப் பட்டியலில் அந்த மாணவியின் தாயாருடைய இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தேன். கைபேசியை அவளிடமே கொடுத்தார்கள். நான் வகுப்பில் அவள் கேட்ட கேள்வியை நினைவுபடுத்தி, அதற்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையைச் சொன்னேன். போகாது, அதற்கு ஆதாரம் இருக்கவில்லை, எனக்கு அது தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டது தவறு என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த டிசம்பரில் தன் பாட்டியான உம்மும்மா ஆஸ்பத்திரியில் இருந்ததையும், நாங்கள் வகுப்பில் பேசிய அதே வாரம் மௌத்தானதையும் பிறகு சொன்னாள்.

"எனக்கு விடை தெரியும் டீச்சர், அப்பவே தெரியும். நீங்க சொன்னீங்கண்டா உம்மாக்கிட்ட போய்ச் சொல்லலாம்ண்டுதான் கேட்டேன்" என்றாள்.