அவள் ஏன் போலீசுக்குப் போகவில்லை?

நான் எடிட் செய்த ஒரு படத்தில், அந்தப் போலீஸ் ஸ்டேஷன் காட்சியை வெட்டியது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஏன் என்று கேட்டால் காரணமும் சொல்வேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகும், இணை இயக்குநர் தம்பி அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

காட்சி இதுதான். அண்ணனைக் கொன்றவன் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஸ்டேஷனுக்குப் போகிறாள். ஏட்டு பெஞ்சில் உட்காரச் சொல்கிறார். ரொம்ப நேரம் கழித்து மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, தேதி போடவில்லை, வேறு தாளில் எழுதிக் கொண்டு வா என்கிறார். டீக்கடைப் பையன் காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போகிறான். அவள் எழுந்து வெளியே வந்துவிடுகிறாள். அடுத்த காட்சியில், ராத்திரி, தன்னந்தனியாகக் கொலைகாரன் வீட்டு வாசலில் நிற்கிறாள். ஸ்டேஷன் காட்சி மொத்தமே இரண்டு நிமிடம் வராது. டீ கிளாஸ் ஷாட் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் அதற்கு முந்தைய காட்சியில் அவள் செத்துப்போன அண்ணனின் சட்டையை மடித்துக்கொண்டிருப்பாள். காலர் பட்டனைப் போட்டுவிட்டு நிமிர்வாள். அந்த க்ளோசப்பில் கண் மாறுகிற இடத்தில் கட் செய்து நேராக அந்த வாசலுக்குப் போனால் உடம்பு சிலிர்த்தது. நடுவில் ஸ்டேஷனை வைத்தால் அந்தச் சூடு ஆறிவிட்டது. இரண்டு விதமாகவும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். இயக்குநர், "இதான், இதை மாத்தாதீங்க" என்றார்.

தம்பிக்கு மட்டும் ஒப்பவில்லை.

"போலீசுக்கு ஏன் போகலன்னு கேப்பாங்கண்ணா."

"வீட்டுக்குப் போய்க் கேப்பாங்க தம்பி. தியேட்டர்ல கேக்க மாட்டாங்க."

"பாபநாசம் படத்துல பஸ் டிக்கெட், ஹோட்டல் பில், சினிமா டிக்கெட்னு ஒண்ணொண்ணா காட்டலையா? யாருக்காவது போரடிச்சுதா?"

"அங்க கதையே அந்த டிக்கெட்தான். இங்க கதை இவளோட கோபம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "படத்துல ஓட்டைன்னு திட்டினா பரவால்லண்ணா. இந்தப் பொண்ணு முட்டாள் இல்ல. இதை வெட்டினா அவ முட்டாளாத் தெரிவா."

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த ரீலைத் திறந்தேன். வேலை நிறைய இருந்தது.

என் பக்கத்து நியாயம் சின்னதல்ல. 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு கட் எதற்காக என்று முடிவு செய்வதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, லயத்துக்கு 10, மற்றதெல்லாம் அதற்குக் கீழே. ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் உணர்ச்சியைக் காப்பாற்று என்பார். ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கிய துப்பறியும் படம் 'தி பிக் ஸ்லீப்' இன்னும் நல்ல உதாரணம். 1945இல் முடித்து வைத்திருந்த பதிப்பில், துப்பறிவாளரும் அரசு வழக்கறிஞரும் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கோத்துப் பேசுகிற காட்சி இருந்தது. 1946இல் படம் வந்தபோது அது இல்லை. நாயகன் ஹம்ஃப்ரி போகார்ட்டும் நாயகி லாரன் பகாலும் சேர்ந்து வரும் புதிய காட்சிகள்தான் இருந்தன. பழைய பதிப்பும் 1997இல் வெளியானது. கதை அதில்தான் தெளிவாகப் புரிகிறது. ஆனாலும் ஜனங்கள் கொண்டாடுவது புரியாத பதிப்பைத்தான்.

பின்னால் ஒருநாள் இதைத் தம்பியிடம் சொன்னேன். "அதுல யாரும் அந்தத் துப்பறிவாளரை முட்டாள்னு சொல்லலையேண்ணா" என்றார்.

அதை யோசிக்க யோசிக்க, ஓட்டைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை என்று பட்டது. 'ஜுராசிக் பார்க்'கில் டைனோசர் வேலியைத் தாண்டி ரோட்டுக்குச் சாதாரணமாக நடந்து வருகிறது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் பெரிய பள்ளம் இருக்கிறது, கார் அதில் விழுகிறது. 1993லிருந்து இதைப் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தால் கதையில் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. பழி ஸ்பீல்பெர்க்கோடு போய்விடுகிறது, அவர் தாங்கிக்கொள்வார். எங்கள் ஓட்டை அப்படி இல்லை. அதற்கான பழியை அந்தப் பெண் சுமக்க வேண்டியிருந்தது.

தியேட்டரில் கண்ணால் பார்த்தேன். சட்டைக் காட்சியில் ஒரு சத்தம் இல்லை. கட் விழுந்து வாசல் வந்ததும் எனக்குப் பின் வரிசையில் ஒருவர், "போலீசுக்குப் போன் பண்ண வேண்டியதுதானே, லூசு மாதிரி போறா" என்றார். கூட வந்த அம்மா, "ச்சு, பேசாமப் பாருங்க" என்று அடக்கினார். அந்த அம்மா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாருக்காக வெட்டினேனோ அந்தப் பார்வையாளர் அவர்தான். ஆனால் அந்த மனுஷருக்கும் நான்தானே எடிட்டர்? நாற்பது பேர் இருக்கிற குடோனுக்கு ஹீரோ தனியாகப் போனால், போலீசுக்குச் சொன்னாயா என்று யாரும் கேட்பதில்லை. வீரம் என்று விசில் அடிக்கிறோம். ஒரு பெண் போனால் அவளுக்கு அறிவில்லை என்கிறோம். அப்படியானால் தப்பு பார்ப்பவரிடம் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதுவும் உண்மைதான். ஆனால் இப்படிப் பார்க்கிற ஆட்கள் வருவார்கள் என்று எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். அவர் அதற்குத்தான் காவல் நின்றார்.

சரி, காட்சியை வைத்திருந்தால் மட்டும்? 'டைட்டானிக்'கில் ஜேம்ஸ் கேமரூன் காரணத்தைக் காட்டியே இருக்கிறார். ஜாக்கும் ரோஸும் சேர்ந்து ஏறும்போது அந்தப் பலகை கவிழ்கிறது. அதைப் பார்த்துத்தான் ஜாக் அவளை மட்டும் ஏற்றிவிட்டுத் தண்ணீரிலேயே இருந்துவிடுகிறான். பட்டவர்த்தனமாகத் திரையில் இருக்கிறது. இருந்தும் 1997லிருந்து, அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருக்கலாமே என்று ரோஸைத்தான் பேசுகிறார்கள். கடைசியில் கேமரூன் 2023இல் வந்த நேஷனல் ஜியாகிரஃபிக் ஆவணப்படத்துக்காக இரண்டு ஸ்டண்ட் கலைஞர்களைக் குளிர்ந்த நீரில் இறக்கிச் சோதனையே செய்து பார்த்தார். ஒரு விதத்தில் ஜாக் பிழைத்திருக்கவும் கூடும் என்று வந்தது. காட்டினாலும் பழி அவள் தலையில்தான் என்றால், எங்கள் ஏட்டும் மனுவும் படத்தில் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? இன்னொரு ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாமே என்றுதான் கேட்டிருப்பார்கள்.

இப்படி ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் மர்ச்சின் கணக்கே என்னை இழுக்கிறது. பின் வரிசை மனுஷருக்கு அவள் லூசாகத் தெரிந்த நிமிடமே அந்த 51ம் போய்விட்டது. உணர்ச்சிக்காக வெட்டிய கட், அவருக்கு உணர்ச்சியையே கொடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு முழுசாகக் கொடுத்தது. எத்தனை பேர் அவரைப் போல, எத்தனை பேர் அம்மாவைப் போல என்று யார் எண்ண முடியும்?

அதற்குப் பிறகு கதை கேட்கும்போதே இந்த மாதிரி இடங்களைக் குறித்துக்கொள்கிறேன். சமீபத்தில் ஒரு படத்தில் கதாநாயகி 100க்குப் போன் செய்கிறாள், லைன் கிடைக்கவில்லை என்று ஒரு சின்ன ஷாட் வேண்டும் என்று கேட்டேன். இயக்குநர் மறுக்காமல் எடுத்துக் கொடுத்தார். முதலில் கோத்துப் பார்க்கிற ரஃப் கட்டில் அது இருந்தது, எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. எடிட்டை முடித்து லாக் பண்ணுகிற அன்று அவர், "இது இல்லாமப் பாப்போமா?" என்றார். எடுத்துவிட்டு ஓட்டினோம். அவள் ஓடுகிற ஓட்டம் எங்கேயும் தடைப்படவில்லை, காட்சி இன்னும் நன்றாக இருந்தது. நானும் சரி என்றேன். அந்தப் படம் அடுத்த மாதம் வருகிறது.