மைத்ரியில் குளிர்காலம்

மே 22
இன்று சூரியன் எழவில்லை. மைத்ரி அண்டார்க்டிகாவில் இருக்கும் இந்திய ஆய்வு நிலையம். தென் அட்சம் 70 பாகையைத் தாண்டிய இடம், இனி ஏறக்குறைய இரண்டு மாதம் இப்படித்தான். கும்மிருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். நண்பகலையொட்டி வடக்கே சில மணி நேரம் மங்கலாக வெளிச்சம் கசியும். அதற்குள் வெளிவேலையை முடித்துவிடப் பார்க்கிறோம்.

மே 30
காற்று 50 நாட், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். தெற்கே பனிப் பீடபூமியின் மேல் குளிர்ந்து கனத்துப்போன காற்று, சரிவில் இறங்கி நேரே எங்கள் மேல் வந்து விழுகிறது. கருவிகளைப் பார்க்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். கிளம்பும்போதும் திரும்பியதும் வாக்கி-டாக்கியில் பெயர் சொல்ல வேண்டும், யாருக்கும் விலக்கு இல்லை. வெப்பநிலை மைனஸ் 27.

ஜூன் 8
நள்ளிரவில் குழாயில் தண்ணீர் நின்றது. எங்களுக்குக் குடிக்க, குளிக்க எல்லாம் பிரியதர்ஷினி ஏரித் தண்ணீர்தான். மேலே தடித்த பனிக்கட்டி, அடியில் உறையாத நீர். அங்கிருந்து வரும் குழாயைச் சூடாக்கும் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. மெக்கானிக் ஸ்பேனரால் குழாயைத் தட்டிக்கொண்டே நடந்தார். டங், டங் என்று வந்த ஓசை ஓரிடத்தில் 'டப்' என்று அடங்கியது. "இங்கதான்" என்றார். டாக்டர் விளக்கு பிடித்தார், நிலவியல்காரர் உறையை அறுத்தார், நான் சுடுகாற்றுக் கருவியைப் பிடித்தேன். தண்ணீர் வரும்போது மணி நாலு.

இந்த நிலையம் 1989 முதல் ஓடுவது மெக்கானிக், வெல்டர், சமையல்காரர் தயவில். ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பெயர் வருவதில்லை, அது அநியாயம்தான்.

ஜூன் 21
நடுக்குளிர்கால நாள். அண்டார்க்டிகாவின் மற்ற நிலையங்களிலிருந்து வாழ்த்துகள் வந்து குவிந்தன. நல்ல சாப்பாடு. வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 3
காற்றில் ஈரமே இல்லை. கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று ஷாக். இந்த வறட்சியில் குளிரைவிடத் தீயைக் கண்டுதான் அதிக பயம். கட்டடம் எரிந்தால் ஓடிப்போய் நிற்க வேறு வீடு இல்லை. இன்றும் தீயணைப்புப் பயிற்சி.

இரவு பேச்சு பக்கத்து ரஷ்ய நிலையமான நோவோலாசரெவ்ஸ்காயா பக்கம் போனது. 1961 ஏப்ரல் 30 அன்று அங்கிருந்த ஒரே மருத்துவர் லியோனிட் ரோகோசொவ், தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். மரத்துப்போக ஊசி போட்ட இடம் வயிற்றுச் சுவர் மட்டும். ஒருவர் கண்ணாடி பிடிக்க, கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் ஒரு வானிலை ஆய்வாளர். எங்கள் டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்: "உங்க துறை ஆள்தான் சார். எனக்கு வலி வந்தா நீங்கதான் வரணும்." எல்லாரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

ஜூலை 24
சூரியன் வந்துவிட்டது. அரைவட்டமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வேலையை விட்டு எல்லாரும் வெளியே நின்றோம்.

செப்டம்பர் 29
இரண்டு நாள் காத்திருந்து இன்று ஓசோன் பலூன் விட்டோம். அதில் தொங்கும் பெட்டிக்குள் சின்ன பம்ப் ஒன்று வெளிக்காற்றை இழுத்துப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் விடும். காற்றில் ஓசோன் இருக்கும் அளவுக்கு மின்னோட்டம் பிறக்கும். பலூன் தலைக்கு மேலே ஆடும்போது மூன்று பேர் பிடித்தும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

திரையில் வரைகோடு ஏறியது. 15 கிலோமீட்டரைத் தாண்டும்போது, ஓசோன் நிறைய இருக்க வேண்டிய உயரத்தில், பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிட்டது. குளிர்கால மேகங்களின் மேல் தயாராகிக் கிடந்த குளோரின், வெயில் பட்டதும் ஓசோனைத் தின்கிறது. காரணம் படித்ததுதான். ஆனாலும் கோடு கண்ணெதிரே விழும்போது அடிவயிறு கலங்குகிறது.

அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்துப் பிரிட்டிஷ்காரர்கள் 1985-இல் இந்த ஓசோன் துளையை உலகுக்குச் சொல்ல முடிந்ததே, 1950-களிலிருந்து விடாமல் அளந்து வைத்திருந்ததால்தான். அதனால்தான் நள்ளிரவில் குழாய்க்கு ஓடுகிறோம். தண்ணீரும் ஜெனரேட்டரும் நின்றால் இங்கே ஆள் இருக்க முடியாது, ஆள் போனால் அளவீட்டுத் தொடரும் அறுந்துபோகும்.

தரவை அனுப்பியாயிற்று. அடுத்த பலூன் புதன்கிழமை, காற்று விட்டால்.