தெற்குக் கோபுரத்தின் வளைவு: மதுரையைத் தைக்கத் தொடங்கி ஆறு வாரம்

எங்கள் மதுரையின் அடையாளங்களை ஒரே துணியில் கிராஸ் ஸ்டிட்ச் (கட்டம் கட்டமாக X வடிவில் போடும் தையல்) போட வேண்டும் என்பது பல நாள் ஆசை. தை மாதம் தொடங்கினேன். மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம், யானைமலை, ஆற்றில் இறங்கும் அழகர், தெப்பக்குளம், மல்லிகை என்று ஐந்து.

கோபுரத்தில்தான் அதிக நாள் போனது. உயரம் சுமார் 170 அடி. அடிக்கு ஒரு தையல் என்றால், அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் 12 அங்குலத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். எனவே இரண்டு அடிக்கு ஒரு தையல், மொத்தம் 85 வரிசை. கட்டத்தாளில் இரு பக்கமும் நேர்க்கோடு இழுத்துத் தைத்தேன். 40 வரிசை ஏறியதும் மனசு ஒப்பவில்லை. கோபுரம்தான், ஆனால் நம் கோபுரம் இல்லை. மறுநாள் காலையில் தெற்குக் கோபுர வாசலில் போய் நின்றேன். இத்தனை வருஷம் பார்த்தும் கவனிக்கவில்லை. பக்கங்கள் நேராக ஏறாமல் லேசாக உள்வளைந்து ஏறுகின்றன. எவ்வளவு அழகு அது!

சரி என்று எல்லாவற்றையும் பிரித்தேன். கீழே மூன்று வரிசைக்கு ஒரு கட்டம் உள்ளே தள்ளி, மேலே போகப்போக ஆறு, ஏழு வரிசைக்கு ஒரு கட்டம் என்று மாற்றினேன். கோபுரம் வந்துவிட்டது. சிற்பங்களுக்கு எடுத்த சிவப்பு நூல் மட்டும் சாயம் விட்டது. முதலிலேயே ஒரு துண்டை நனைத்துப் பார்த்ததால் துணி தப்பியது.

யானைமலை மூன்று சாம்பல் நிறத்தில் நான்கே நாளில் முடிந்தது. அழகரின் குதிரைக்குத் தங்க மஞ்சள். பட்டுக்கு யோசிக்கவே இல்லை, பச்சைதான். சித்திரையில் அவர் பச்சைப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் நாடு செழிக்கும் என்று நம்புகிற ஊர் ஆயிற்றே.

அப்புறம் மல்லிகை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லி, வெள்ளைத் துணியில் காணாமல் போனது. பின்னால் இலைப்பச்சை நிரப்பினேன். கிராஸில் மொட்டின் உருண்டை வராததால் மூன்று இழை நூலை ஊசியில் இருமுறை சுற்றி முடிச்சு முடிச்சாகப் போட்டேன். "சரம் தொடுக்கிற மாதிரி நெருக்கிப் போடும்மா" என்றார் அம்மா. நெருக்கியதும் பூச்சரமே ஆகிவிட்டது.

தெப்பக்குளம் பாக்கி. மைய மண்டபத்தைச் சுற்றியுள்ள தண்ணீரில் தெப்பத்தின் விளக்கொளி தெரிய வேண்டும். நீல இழையோடு ஒரு மஞ்சள் இழையையும் சேர்த்துக் கோத்து, இந்த வாரம் தைத்துப் பார்க்கப் போகிறேன்.